ஏழு பட்டுக்குள் இருந்த வெளிச்சம்

முன்னே முன்னே, மரமும் மலையும் மனிதரோடு பேசிய காலத்திலே, வேங்கைநாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டின் மேல் இருள்வாணன் என்ற மாயாவி ஒரு பிடி கரியை ஊதினான்.

சூரியன் இருந்தது. விளக்கும் எரிந்தது. ஆனால் மனசுக்குள்ளே இருட்டிவிட்டது. அண்ணனுக்குத் தம்பியைத் தெரியவில்லை. தாய்க்குப் பிள்ளையைத் தெரியவில்லை.

கயிறு திரிக்கக் கற்றாழை வெட்டக் காட்டுக்குப் போயிருந்த அல்லிக்கொடி மட்டும் தப்பினாள். வீட்டுக்கு ஓடிவந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா நீ? வழி தவறி வந்துட்டியா?"

அல்லிக்கொடி திரும்பித் தெருவுக்கு ஓடினாள்.

அந்த நாட்டுக் கோயிலில் ஒரு வேதச் சுவடி இருந்தது. இருட்டு வந்தால் அது வழிகாட்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் சுவடிக்குச் சந்தனம் பூசினார்கள், இருட்டு போகவில்லை. மாலை சாத்தினார்கள், இருட்டு போகவில்லை. பல்லக்கில் வைத்து ராஜாவே தூக்கினார். அப்போதும் இருட்டு போகவில்லை.

அல்லிக்கொடி கோயிலுக்குப் போய்ச் சுவடியின் முன் அழுதாள். பட்டுத்துணிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அழுகையை நிறுத்து. தூங்க முடியல."

எட்டிப் பார்த்தது ஒரு ராமபாணப் பூச்சி. சுவடிகளை அரித்துத் தின்னும் பூச்சி.

"ஏழு பட்டு சுத்தி வச்சிருக்காங்க. நூறு வருஷமா இதைப் புரட்டினது நான் ஒருத்தன்தான். அதுவும் சாப்பாட்டுக்கு! உனக்குப் படிக்கத் தெரியுமா?"

அவள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் அவள்தான். அதுவும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பட்டின் முடிச்சில் கை வைத்தாள். பூசாரி ஓடிவந்தார்.

"வேண்டாம் தாயி! தப்பாப் படிச்சா சாமி குத்தம். அந்தப் பயத்துலதான் நானே தொடல."

"எனக்கும் பயம்தான் சாமி. ஆனா எங்கம்மாவுக்கு என்னைத் தெரியலையே."

பூசாரியே முதல் பட்டுத்துணியை அவிழ்த்தார். மீதி ஆறையும் அவள் அவிழ்த்தாள்.

அல்லிக்கொடி சுவடியைப் பூச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாசலில் உட்கார்ந்து, அம்மா எதிரிலேயே ஓலையைப் பிரித்தாள். "ப... யப்... படாதே" என்று படித்தாள். எழுத்திலிருந்து மினுக்கென்று ஒரு வெளிச்சம் வந்தது. அவள் கால் வைக்கும் அளவுக்குத்தான் வந்தது.

கரும்புகையாக வந்து நின்றான் இருள்வாணன்.

"நீயா? தத்தித் தத்திப் படிக்கிற நீயா வேதம் படிக்கிறே?"

அவள் ஓலையை விட்டு அவனைப் பார்த்தாள். வெளிச்சம் சுருங்கியது.

"அவனைப் பார்க்காதே, அடுத்த எழுத்தைப் பாரு!" என்று கத்தியது பூச்சி.

அடுத்த எழுத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லி, திருத்தி, மறுபடி சொன்னாள். சாமி கோபிக்கவில்லை. வெளிச்சம் அம்மாவின் காலைத் தொட்டது.

"உன்னை... மறந்தவரையும்... நீ அழை."

படித்ததும் ஓலையைக் கீழே வைத்தாள். "அம்மா!" என்று அழைத்தாள்.

அம்மா கண்ணைக் கசக்கினாள். "ஏண்டி அல்லி, தலையெல்லாம் முள்ளு! சாப்பிடாம இங்கே என்ன பண்றே?"

அம்மா அப்படித் திட்டியதும் தெரு முழுக்க விடிந்தது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டான். ராஜா பூசாரியின் தோளில் சாய்ந்து அழுதார்.

இருள்வாணன் மட்டும் மூலையில் ஒடுங்கி நின்றான். இப்போது அவன் புகையாக இல்லை, ஒல்லியான ஒரு மனிதன்.

"என்னை யாரும் அழைச்சதே இல்லை" என்றான்.

அல்லிக்கொடி ஓலையைப் பார்த்தாள். இன்னாரை அழைக்காதே என்று அதில் எழுதியிருக்கவில்லை.

"இருள்வாணன் அண்ணே, உள்ளே வாங்க. கூழ் இருக்கு."

கடைசிக் கரியும் அவன் கையிலிருந்து உதிர்ந்தது.

அன்று முதல் வேங்கைநாட்டில் சுவடிக்குப் பட்டு சுற்றுவதில்லை. தினமும் ஓர் ஓலை படிப்பார்கள். தத்திப் படிப்பவருக்கே முதல் வாய்ப்பு. பூச்சிக்கு எழுதாத ஓலை ஒன்று தனியாக வைப்பார்கள். அவர்கள் வீட்டு வெளிச்சம் நம் வீட்டிலும் கொஞ்சம் விழட்டும்.