வெயில் குடிக்கும் கார்

வேலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் சங்கத் தலைவர் சபாநாயகம் நீலக் கார் ஒன்று வாங்கினார். "இந்தப் பெயின்ட்ல கீறல் விழுந்தாலும் ஒரு பகல் வெயில் பட்டா தானே ஆறிடும்" என்று லிஃப்ட்டில் அகப்பட்டவரையெல்லாம் பிடித்துவைத்துச் சொன்னார். அதற்காகவே காரைத் தினமும் வெட்டவெளியில் நிறுத்தினார்.

ஒரு நாள் விடியற்காலையில், கார் கழுவும் பவுனம்மா வாளியோடு வந்தபோது, காரின் கதவில் மெல்லிய கீறல்கள் இருந்தன. சபாநாயகம் போட்ட கூச்சலில் எல்லா வீட்டுக்காரர்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

"நேத்து காலையில மண்ணுத் துணியால தேய்ச்சிருக்கே. இனிமே இந்த கேட்டுக்குள்ள கால் வைக்காதே."

அங்கே பவுனம்மா கழுவுவது பன்னிரண்டு கார்கள். அத்தனையும் போனால் வீட்டில் உலை ஏறாது. அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"சார், நேத்து கத்திரி வெயில்ல பகல் முழுக்க வண்டி இங்கதான் நின்னுது. நான் போட்ட கீறலா இருந்தா சாயங்காலமே ஆறியிருக்கும். ஆறலைன்னா பொழுது சாஞ்ச பிறகு விழுந்தது. அப்புறம் வண்டிய எடுத்தது யாரு சார்?"

முந்தின இரவு கல்யாண வரவேற்புக்குத் தானே ஓட்டிப்போன சபாநாயகம் கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"இல்லேன்னா சார், இந்தப் பெயின்ட்டு வெயில்ல ஆறாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டு நானே போயிடறேன்."

லிஃப்ட்டில் அகப்பட்டவர்கள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"சரி சரி, கழுவு" என்றார் அவர்.

அன்று சாயங்காலத்துக்குள் கீறல்கள் மறைந்துவிட்டன. கேட்டருகே அவர் கார் உரசி ஒடிந்து தொங்கிய காகிதப்பூக் கிளைக்குத்தான் அந்த வித்தை தெரியவில்லை.