கடல்வாசல் தாழ்ப்பாள்

நெய்தல்கோட்டை அரசர் தென்னவராயருக்குக் கோபம் வந்தால் தீர்ப்பும் கூடவே வந்துவிடும். யோசனை மட்டும் சாவகாசமாக மறுநாள்தான் வரும்.

அன்று புதுப் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு காற்று வாங்கப் போனவர், கடல்வாசல் கதவில் சாய்ந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தால், வெள்ளைப் பட்டில் முழ நீளத்துக்குச் செங்காவிக் கறை! கதவின் இரும்புத் தாழ்ப்பாள் முழுக்கத் துரு.

"கூப்பிடு அந்தக் கொல்லனை!"

அரண்மனைக் கொல்லன் இருளாண்டி கரிக்கையோடு ஓடிவந்தான். "சாமி, மத்த மூணு வாசலுக்கும் மாசாமாசம் எண்ணெய் போடறேன். இதை யாரும் திறக்கச் சொன்னதே இல்லீங்களே..."

"வாயை மூடு! இந்தத் தாழ்ப்பாளில் துரு இருக்கும்வரை நீ என் நாட்டில் இருக்கக் கூடாது. நாளைக் காலை உன்னை நாடு கடத்துகிறேன்!"

தளவாய் ஏகாம்பரநாதருக்கு வாயெல்லாம் பல். கொல்லன் வேலைக்குத் தன் மைத்துனனை எப்போது நுழைக்கலாம் என்று காத்திருந்த மனிதர் அவர். இருளாண்டியோ இடிந்துபோனான். மூன்றாம் நாள் அவன் மகளுக்கு வளைகாப்பு. நேரே போய் அரசவை விகடர் நல்லபெருமாளின் காலில் விழுந்தான்.

"எழுந்திருப்பா. நாளைக்கு வரும்போது கொஞ்சம் புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு வா."

"வழிக்குக் கட்டுச்சோறு கட்டவா ஐயா?"

"கொண்டு வா, சொல்கிறேன்."

பொழுது விடிந்தது. காவலர்கள் இருளாண்டியைக் கட்டித் தெற்கு வாசலுக்கு இழுத்துப் போனார்கள். அரசரும் தளவாயும் கூடவே வந்தார்கள். நல்லபெருமாள் குறுக்கே வந்து நின்றார்.

"அரசே, நாடு கடத்தப்படுகிறவன் கடல்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். மற்ற வாசல்களில் சாமி இருக்கிறது. இது உங்கள் பாட்டனார் போட்ட முறை."

"ஆமாம், முறை என்றால் முறைதான்" என்றார் அரசர்.

எல்லோரும் கடல்வாசலுக்குப் போனார்கள். நான்கு காவலர்கள் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார்கள். அது அசையவில்லை. எட்டுப் பேர் இழுத்தார்கள். ஒருவன் மல்லாக்க விழுந்ததுதான் மிச்சம்.

"யானையை விட்டு இடிக்கலாம்" என்றார் தளவாய்.

"எதிரி செய்ய வேண்டிய வேலையை நாமே செய்துவிட்டால், பாவம், அவன் வந்து என்னதான் செய்வான்?" என்றார் நல்லபெருமாள்.

அரசருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "வேறு வழி?"

"இதைத் திறக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் இருக்கிறான். அவனைத்தான் கட்டி வைத்திருக்கிறோம்."

கட்டை அவிழ்த்தார்கள். இருளாண்டி புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்பைச் சேர்த்து, தாழ்ப்பாளில் அப்பிப் பழந்துணியால் சுற்றினான். உச்சிவேளை தாண்டியதும் துணியை எடுத்துவிட்டு, தேங்காய் நாரில் செங்கல்பொடி தொட்டுத் தேய்த்தான். கழுவினான், ஈரம் போகத் துடைத்தான், விளக்கெண்ணெய் விட்டான். பிறகு ஒற்றை விரலால் தள்ளினான். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போனது!

"ம், கிளம்பு!" என்று அவன் தோளைப் பிடித்தார் தளவாய்.

"பொறுங்கள். துரு இருக்கும்வரைதான் இவன் இருக்கக் கூடாது என்பது அரசரின் வாக்கு. எங்கே துரு? காட்டுங்கள்" என்றார் நல்லபெருமாள்.

தளவாய் குனிந்து பார்த்தார். பளபளத்த இரும்பில் அவருடைய முகம்தான் தெரிந்தது.

அரசர் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார். விரலில் எண்ணெய்தான் ஒட்டியது. "அதுசரி நல்லபெருமாள், இவ்வளவு துரு ஏறும்வரை இதை யாருமே திறக்கவில்லையா?"

"எதற்குத் திறப்பது அரசே? தாங்கள் பட்டத்துக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் ஒருவரையும் நாடு கடத்தவில்லையே! தங்கள் நல்லாட்சிக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சாட்சி அந்தத் துருதான். பன்னிரண்டு வருடம் சேர்ந்ததை இந்தப் பாவி அரை நாளில் தேய்த்துவிட்டான். வேண்டுமானால் அதற்குத் தண்டியுங்கள்!"

அரசர் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தின நாள் கறைபட்ட அந்தப் பட்டை வரவழைத்து நல்லபெருமாளின் தோளில் போட்டார். கொல்லன் மகளின் வளைகாப்பை நல்லபெருமாள் காதில் போட்டதும், அதற்கு ஒரு புதுப் பட்டுப்புடவை அனுப்பச் சொன்னார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு கொல்லன் பக்கம் திரும்பினார்.

"இருளாண்டி, இதுதான் உனக்குத் தண்டனை. நான் உயிரோடு இருக்கும்வரை இந்தத் தாழ்ப்பாளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக் கூடாது. நன்றாகத் துருப்பிடிக்கட்டும்!"