உள்ளே இருக்கும்வரை வாடகை ஏறாது

வெட்டவெளிப்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தது. யாரும் அதைத் தொட்டுக் கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் பாய் விற்கும் அங்கமுத்து, சடையப்பர் வீட்டில் வாடகைக்கு இருந்தான். அவன் தன் மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்த கையோடு, வாடகையை இரட்டிப்பாக்கப் போவதாகச் சடையப்பர் சொல்லிவிட்டார். வாடகை ஏறினால் கல்யாணம் நின்றுபோகும். பாவம், அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நாட்டாமையிடம் ஓடினான்.

"பக்கத்து ஊருங்கள்ல என்ன சட்டம்னு கேட்டு, ஒப்பிட்டுப் பாத்துட்டு வாங்கப்பா" என்று நாட்டாமை இரண்டு பேரை அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தார்கள்.

"மேலூர்ல, வீடு பெரிசானாத்தான் வாடகை ஏத்தலாமாம். கீழூர்ல, குடியிருக்கிறவன் உள்ள இருக்கிற வரைக்கும் ஏத்தவே கூடாதாம்."

"ஒப்பிட்டீங்களா?"

"ஒப்பிட்டோம். மேலூர்ல மோர் குடுத்தாங்க. கீழூர்ல பானகம்."

ஊர்ச்சபை ஆழ்ந்து யோசித்தது. எந்த ஊரும் மனம் வருந்தக் கூடாது என்று இரண்டு சட்டத்தையும் வைத்துக்கொண்டது.

மறுநாளே சடையப்பர் அங்கமுத்துவின் கட்டில், ஆட்டுக்கல், அண்டா எல்லாவற்றையும் தெருவில் இறக்கினார். "பாருங்க, வீடு எவ்வளவு பெரிசாயிடுச்சு!"

சபை உள்ளே போய்ப் பார்த்தது. பெரிசாகத்தான் இருந்தது. உடனே அங்கமுத்துவின் மனைவி செல்லக்கண்ணு இரண்டு எருமைகளை உள்ளே ஓட்டினாள். சபை மறுபடி பார்த்தது. வீடு முன்னைவிடச் சிறுத்திருந்தது. வழக்கு தள்ளுபடி.

மிச்சம் இருந்தது கீழூர்ச் சட்டம். அங்கமுத்து வெளியே கால் வைத்ததும் வாடகையை ஏற்றிவிட வாசற்படியில் சடையப்பர் உட்கார்ந்தார். அங்கமுத்து வெளியே வரவே இல்லை. பாய்களை ஜன்னல் வழியாக விற்றான்.

கல்யாண நாள் வந்தது. கோயிலில் தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் வேண்டுமே! அங்கமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். நாட்டாமைக்கு மனசு கேட்கவில்லை.

"உனக்குப் பதிலா யாராச்சும் உள்ள இருந்தா ஆச்சு."

"ஊரே கல்யாணத்துக்குப் போகுதே ஐயா!"

நாட்டாமை சுற்றும் முற்றும் பார்த்தார். "சடையப்பரே, நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க. அதையே கொஞ்சம் உள்ள போய்ச் செய்யுங்களேன்."

நியாயமாகப் பட்டது. சடையப்பர் உள்ளே போனார். அங்கமுத்து வெளியே பாய்ந்தான்.

"வெளிய வந்துட்டான்! வாடகை ஏறிடுச்சு!" என்று சடையப்பர் கத்தினார்.

"யாருக்கு ஏறிச்சு? இப்ப உள்ள குடியிருக்கிறது நீங்கதானே?" என்றார் நாட்டாமை.

சடையப்பர் அவசரமாகக் கதவை இழுத்துத் தாழ் போட்டார்.

சீரும் சிறப்புமாகக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு அங்கமுத்து திரும்பினான். கதவு திறக்கவில்லை. கொண்டு வந்த லட்டை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"ஐயா, எப்ப வெளிய வருவீங்க?"

"எப்படி வருவேன்? வந்தா வாடகையை ஏத்திடுவாரே!"

"யாரு?"

சடையப்பர் லட்டை விழுங்கிவிட்டு, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்காரர்தான். உனக்குத் தெரியாதா, பொல்லாத மனுஷன்!"

"தெரியாம என்ன ஐயா" என்று அங்கமுத்து பெருமூச்சு விட்டான். "அவர் வந்தா நான் குரல் குடுக்கறேன், நீங்க பயப்படாம தூங்குங்க."

வாசற்படியில் ஒரு பாயை விரித்துக் காவலுக்கு உட்கார்ந்தான்.