பல்லு முளைக்காத ஆட்டக்காரன்

ஒரு காட்டுலன்னு ஆரம்பிச்சா இந்தக் கதைக்குப் பத்தாது, பிள்ளைங்களா. அஞ்சு காடு வேணும்.

மூணு வருஷத்துக்கு ஒருதரம் அஞ்சு காடும் கூடி விளையாட்டு விழா நடத்தும். யானைங்க கயிறு இழுக்கும், மானுங்க ஓடும், நீர்நாய்ங்க நீந்தும். ஆனா கூட்டம் அம்முறது குட்டிங்க ஆடுற கால்பந்துக்குத்தான்.

அதுல ஒரு கறார் சட்டம் உண்டு. ஆட வர்றவன் வாயைத் திறந்து காட்டணும். பெரிய பல்லு நாலு முளைச்சிருந்தா அவன் குட்டி இல்லை, வீட்டுக்குப் போகலாம். வயசை மறைச்சு மாட்டினா அவனோட காடே வெளியே. யானை ஜெயிச்ச மெடல்கூடத் திரும்பி வந்துடணும்.

மேலக்காட்டுல சடையாண்டின்னு ஒரு கிடா இருந்துச்சு. பேரன் பேத்தி எடுத்தாச்சு. ஒரு காலத்துல பெரிய ஆட்டக்காரன்தான். ஆனா ஒரே ஒரு ஃபைனல்ல கோப்பை கைநழுவிப் போச்சு. அந்த ஏக்கம் தாடியோட சேர்ந்து வளர்ந்துக்கிட்டே வந்துச்சு.

ஒருநாள் டீம் மேனேஜர் ஒச்சப்பன் நரி பக்கத்துல வந்து உட்கார்ந்துச்சு.

"அண்ணே, இந்த வருஷம் கோப்பையைத் தூக்குறீங்களா?"

"அது குட்டிங்க ஆட்டம்டா!"

"ஈ காட்டுங்க."

சடையாண்டி ஈன்னு காட்டுச்சு. உள்ளே வெறும் பொட்டல். எல்லாப் பல்லும் கொட்டி ரெண்டு வருஷம் ஆச்சு.

"அடடா! பச்சைக்குழந்தை வாய்ணே இது!"

கொம்பு எப்பவோ கோல் கம்பத்துல மோதி ஒடிஞ்சு போயிருந்துச்சு. தாடியை ஒச்சப்பனே கடிச்சு எடுத்துச்சு. "இனி உங்க பேரு பச்சையப்பன். வயசு எட்டு மாசம். யார் என்ன கேட்டாலும் 'மே'. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக் கூடாது."

பல்லு பார்க்கிற மரங்கொத்தி டாக்டரம்மா வாய்க்குள்ள தலையை விட்டுப் பார்த்துச்சு. "என்ன, ஒரு பல்லுகூடக் காணோம்?"

"இன்னும் முளைக்கலைங்க. தாய்ப்பால்தான் குடிக்கிறான்" என்றது நரி.

"முட்டி ஏன் இப்படி மடக் மடக்குன்னுது?"

"வளர்ற வயசு டாக்டரம்மா!"

வாங்கியாச்சு சீட்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் சடையாண்டி கோல் போட்டுச்சு. சொந்தப் பேரன் மட்டும் ஓடிவந்து, "சூப்பர் தாத்தா!"ன்னுச்சு. "தம்பின்னு சொல்லுடா!"ன்னு ஒச்சப்பன் அதோட காதைத் திருகுச்சு.

ஃபைனல்ல எதிரே கீழக்காடு. ரெண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிஷம் மேலக்காட்டுக்குப் பெனால்ட்டி கிடைச்சுது. உள்ளே போனா கோப்பை!

கோல் கம்பத்துல வாலைச் சுத்தித் தொங்கிச்சு கீழக்காட்டுக் கீப்பர், பூவாயிங்கிற குட்டி மந்தி. இந்த 'எட்டு மாசக் குழந்தை' ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடுப்பைப் பிடிச்சுக்கிறதை அது காலையிலேர்ந்தே கவனிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"அடி தம்பி, அடி. எங்க காட்டுல கருங்காளின்னு ஒரு கரடி கீப்பர் இருந்தாரு. அவரை யாருமே தாண்டினதில்லையாம்."

"மே" என்றது சடையாண்டி. பிடரி மயிர் சிலிர்த்துச்சு.

"உங்க காட்டுல ஒரு கிடா இருந்துச்சாமே. சடையோ முடியோ, என்னமோ பேரு. கருங்காளியைப் பார்த்தாலே கால் நடுங்கிப் பந்தை விட்டுட்டு ஓடிடுமாம்!"

"மே... மே..."

"பாவம், ஒரு கோல்கூடப் போடலையாம்."

"யாருடி சொன்னது? மூணு போட்டேன்டி! பெரிய வெள்ளம் வந்த வருஷம், இதே மைதானம்!"

ஒச்சப்பன் தன் வாலைத் தானே கடிச்சுக்கிச்சு.

நடுவர் விசில் ஊதிச்சு. நடுவர் யாருன்னு சொல்லலையே? ஆமை. விசில் ஊதிட்டு இடத்துக்கு வர்றதுக்குள்ள அடிபட்டவனுக்குக் காயம் ஆறிடும். அந்த நேரத்துல ஒச்சப்பன் ஓடிவந்து, "தாத்தா சொன்ன கதைன்னு சமாளிங்கண்ணே!"ன்னு கிசுகிசுத்துட்டுப் போச்சு.

ஆமை ஒருவழியா வந்து சேர்ந்துச்சு. "தம்பி, வெள்ளத்து வருஷம்னியே?"

"எங்க தாத்தா சொன்ன கதைங்க" என்று மழலையில் மிழற்றியது சடையாண்டி.

"அப்படியா? உங்க தாத்தா தப்பாச் சொல்லிட்டார். அன்னிக்கும் நான்தான் நடுவர். மூணு இல்லை, ரெண்டு கோல். மூணாவது ஆஃப்சைடு."

ஒச்சப்பன் கண்ணை மூடிக்கிச்சு.

"ஆஃப்சைடா? எனக்கு முன்னால அவங்க ஆளு ரெண்டு பன்னி நின்னுச்சுய்யா! நீங்க வந்து சேர்றதுக்குள்ள அதுங்க மேயப் போயிடுச்சு! அந்த கோலைக் குடுத்திருந்தா அன்னிக்கே கோப்பை எனக்கு!"



ஆமை மெதுவா ஓட்டுக்குள்ள கையை விட்டுச் சிவப்பு அட்டையை எடுத்துச்சு. "வாங்க சடையாண்டி, சௌக்கியமா? தாடியை என்ன பண்ணினீங்க?"

மேலக்காடு மொத்தமும் மெடலைக் கழட்டி வெச்சுது. யானை மட்டும் தன் தங்க மெடலைத் தும்பிக்கையால ரெண்டு தரம் தடவிட்டு வெச்சுது.

ஊர் திரும்புற வழியெல்லாம் கடைசியில வந்த சடையாண்டி மட்டும் முணுமுணுத்துக்கிட்டே வந்துச்சு: "ரெண்டு பன்னி நின்னுச்சு... நல்லாத் தெரியும்... ரெண்டு பன்னி..."

நீதி: எந்த வேஷம் போட்டாலும், பெருமை பேசும் வாய் அதைக் கலைத்துவிடும்.