உடும்பின் வாயோரத்து மஞ்சள்

ஏரிக்கரை மருதமரத்தில் ஒரு மைனா இருந்தது. தினமும் சாயங்காலம் யாராவது ஒரு விருந்தாளியைத் தாழ்ந்த கிளையில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்கும். ஏரிப் பறவைகள் கேட்க வரும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று வரும். மற்றது முட்டையோடு கூட்டில் இருக்கும். அது அந்த ஏரியின் வழக்கம்.

மைனாவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி பேசும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. மைனாவின் குரல் இனிமை, கேள்விகள் அதைவிட இனிமை. யாருக்கும் வலிக்காது.

ஒருநாள் நாரை வந்து மீனைப் பற்றியே பேசியதில் கூட்டம் குறைந்துபோயிற்று. மைனாவுக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் கிளையில் வந்து உட்கார்ந்தது உடும்பு!

கூட்டம் நெரிந்தது. நீர்க்கோழி மட்டும் உடும்பின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போன வருஷம் தன் முட்டைகளைத் தின்றது யார் என்று அதற்குத் தெரியும்.

"உங்களைப் பற்றி ஏதேதோ சொல்கிறார்களே?" என்று மைனா சிரித்துக்கொண்டே கேட்டது.

"சொல்லட்டும் தம்பி. நான் முட்டையைத் தொட்டு வெகுகாலம் ஆயிற்று," என்றது உடும்பு. "முட்டை கெட்டுப்போவது என்னால் இல்லை. ஓயாமல் மேலே உட்கார்ந்து புழுங்க வைக்கிறீர்கள். சாயங்காலக் காற்றுப் பட்டால்தான் குஞ்சு தெம்பாக வரும். இதை உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்."

"அடேயப்பா! புதுசாக இருக்கிறதே," என்றது மைனா. வேறெதுவும் கேட்கவில்லை.

உடும்பின் வாயோரத்தில் ஏதோ மஞ்சளாகக் காய்ந்திருந்தது. முட்டைக் கரு போலத் தெரிந்தது. நீர்க்கோழி பார்த்துவிட்டது. "வாயில் அது என்ன..." என்று ஆரம்பித்தது.

"உஸ்! பேச விடு," என்று மற்றவை அடக்கின.

"நாளைக்கும் வருகிறேன்," என்றது உடும்பு. "ஜோடியாக வாருங்கள். முட்டைகள் கொஞ்சம் காற்று வாங்கட்டும்."

"ஆமாம், ஜோடியாகவே வாருங்கள்," என்று மைனாவும் கூவியது. அதற்குக் கூட்டம் இரண்டு மடங்காகுமே என்ற சந்தோஷம்.

நீர்க்கோழி கூட்டுக்குத் திரும்பிக் கணவனிடம் எல்லாம் சொன்னது. "எனக்கு நம்பிக்கை இல்லைங்க. நாம் போக வேண்டாம்."

"நீ எதைத்தான் சந்தேகப்படாமல் இருந்தாய்? கெட்டவன் என்றால் மைனா கூப்பிட்டு உட்கார வைக்குமா?"

மறுநாள் அரைமனதாக நீர்க்கோழியும் கூடவே போயிற்று.

மரம் நிறைந்திருந்தது. விருந்தாளியின் கிளை மட்டும் காலி. "இதோ வந்துவிடுவார்," என்று மைனா பாட்டுப் பாடி நேரத்தைத் தள்ளியது. நீர்க்கோழிக்குச் சட்டென்று விளங்கியது. தன் கூடு இருந்த கோரைப்புல்லுக்குள் விழுந்தடித்து ஓடியது. கூட்டில் உடைந்த ஓடுகள்தான் கிடந்தன. பக்கத்துக் கூடுகளிலும் அதே கதி.

கரையெங்கும் அழுகை. மைனா பறந்து வந்தது.

"அக்கா, நான் பேச இடம்தான் கொடுத்தேன். நம்பச் சொன்னேனா? நாளைக்கு நீங்களே வந்து நடந்ததைச் சொல்லுங்கள். ஏரியே திரண்டு வரும்!"

நீர்க்கோழி உடைந்த ஓடுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தது.

"வருகிறேன். ஆனால் கேள்வி நான் கேட்பேன். விருந்தாளி நீ."

பெரிய கூட்டம் வரும் என்ற ஆசையில் மைனா தலையாட்டிவிட்டது.

மறுநாள் எல்லாப் பறவைகளும் வந்தன. மைனா தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. நீர்க்கோழி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"அன்றைக்கு உடும்புக்கு எங்களைவிடப் பக்கத்தில் இருந்தது நீ. அதன் வாயோரத்து மஞ்சளைப் பார்த்தாயா?"

மைனா இறக்கையைக் கோதியது. கூட்டத்தைப் பார்த்தது. யாரும் குறுக்கே பேசவில்லை.

"பார்த்தேன்," என்றது மைனா.

பறவைகள் ஒவ்வொன்றாக எழுந்து பறந்தன. அதற்குப் பிறகு அந்த மரத்துக்கு யாரும் வரவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்காமல் பொய்யனுக்கு மேடை கொடுப்பவர், அவன் செய்யும் தீங்கில் பாதியைத் தாமே செய்கிறார்.