ஏழாவது பீரங்கி

ஒரு கரையில ஒரு மாமியாளும் ஒரு மருமகளும் இருந்தாங்களாம். எந்தக் கரைன்னா, தரங்கம்பாடிக் கரை. மாமியா பேரு குப்பச்சி, மருமக பேரு பவளாயி. ரெண்டு பேருக்கும் ஒரு நாள்கூட ஒத்துப்போகாது. ஆனா ரெண்டு பேருக்கும் உசிரு ஒண்ணுதான், எல்லப்பன். அவளுக்கு மகன், இவளுக்குப் புருஷன். காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்கோ கண்ணு, கொசு கடிக்கும். கேக்குறியா? ம் சொல்லு.

ம்.

அப்போ அந்தக் கரையில டென்மார்க் ராஜாவோட கோட்டை இருந்துச்சு. அந்த ராஜாவோட கப்பலெல்லாம் எத்தனையோ கடல் தாண்டி இங்க வரும். எல்லப்பன் அதுல ஒரு கப்பல்ல பீரங்கி வேலைக்குப் போயிட்டான். போனவன் போனவன்தான். மழை வந்துச்சு, போச்சு. மறுபடி மழை வந்துச்சு, போச்சு. ஆளைக் காணோம்.

அப்புறம் ஒரு நாள் காலையில தூரத்துல பாய் தெரிஞ்சுது. சிவப்புக் கொடி, அதுல வெள்ளைச் சிலுவை. "எல்லப்பன் போன கப்பல்டோய்!"னு ஊரே கரைக்கு ஓடுச்சு.

அந்தக் கப்பல்காரங்களுக்கு ஒரு வழக்கமாம். கரையைக் கண்டதும் பீரங்கி வெடிப்பாங்க. ஏழு வெடி வெடிச்சா, எல்லாரும் சுகமா வந்துட்டோம்னு அர்த்தம். ஆறோட நின்னுட்டா, எங்கள்ல ஒரு ஆள் செத்துட்டான்னு அர்த்தம். நீயும் எண்ணு.

டமார்! டமார்! டமார்! எத்தனை? மூணா? அப்புறம் டமார்! டமார்! டமார்! ஆறு.

அப்புறம்... ஒண்ணுமே இல்ல. கடல் ஹோன்னு இரையுது, அவ்வளவுதான்.

கோட்டையில கொடியைப் பாதிக்கு இறக்கிட்டாங்க. கப்பல்ல அத்தனை பேர் இருக்காங்க, செத்தது யாரோ. ஆனா பெத்த மனசு எங்க போகும்? கட்டினவ மனசு எங்க போகும்? பவளாயி அப்படியே மணல்ல உக்காந்துட்டா.

அதுக்குள்ள ஒரு கிழவி வந்து, "விதி வந்துருச்சு ஆத்தா, வளையலைக் கழட்டு"ன்னு பவளாயி கையைப் பிடிச்சா. குப்பச்சிக்கு வந்துச்சே கோவம்! "என் மருமக கையைத் தொட்டா உன் கையை ஒடிச்சுப்புடுவேன். யாரு செத்தான்னு நீ பாத்தியா?"

கிழவி கையை விட்டுட்டா. ஆனா கப்பல் தூரத்துல நிக்குது, கரையோரம் மூணு வரிசையா அலை எழும்புது. ஆம்பளைங்க யாரும் கட்டுமரத்தைத் தள்ள மாட்டேங்குறாங்க. "கடல் சீறுது குப்பச்சி. சாயங்காலம் பாப்போம்."

"சாயங்காலம் வரைக்கும் இவ உசிரோட இருப்பாளா? ஏ புள்ள, துடுப்பை எடு!"

"பொம்பளைங்க கட்டுமரத்துல கால் வைக்கக் கூடாது"ன்னாரு ஒருத்தரு.

"அப்போ நீ வையி!"

அவரு ரெண்டடி பின்னால போயிட்டாரு.

ரெண்டு பேரும் மரத்தைத் தள்ளி ஏறிட்டாங்க. மொத அலை வந்துச்சு, சளார்! மூஞ்சி மேல உப்புத் தண்ணி. ரெண்டாவது அலை வந்துச்சு, தடால்! பவளாயி கடல்ல விழுந்துட்டா. மாமியா அவ கொண்டையைப் பிடிச்சு இழுத்து மரத்துல போட்டா. "ஐயோ அத்தை, முடி!" "முடி முளைக்கும்டி, நீ முளைப்பியா? துழாவு!" மூணாவது அலை மலை மாதிரி எழும்பி வந்துச்சு. ரெண்டு பேரும் மரத்தைக் கட்டிக்கிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க. மரம் மேல போச்சு, மேல போச்சு... தொபுக்கடீர்னு அந்தப் பக்கம் இறங்குச்சு. தாண்டியாச்சு!

தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்போ கேளு. கப்பல்ல நூலேணி வழியா ஏறிப் பாத்தா, பொணமும் இல்ல, அழுகையும் இல்ல. அத்தனை வெள்ளைக்காரங்களும் ஒரு பீரங்கியைச் சுத்தி நின்னு, "பிஸ் பிஸ் பிஸ்"னு கெஞ்சிக்கிட்டு இருக்காங்க. கப்பல் தலைவன் தொப்பியைக் கழட்டித் தலையில அடிச்சுக்கிறான். பீரங்கி வாயை மறைச்சுக்கிட்டு ஒரு ஆளு. யாரு?

எல்லப்பன்!

"அம்மா? பவளம்? நீங்க எப்படி வந்தீங்க?"

"நீ செத்துட்டேன்னு வந்தோம்டா, பாவி!"

"நானா? நான் எதுக்குச் சாகணும்? கப்பல் பூனை இந்தப் பீரங்கிக்குள்ள புகுந்து குட்டி போட்டுருக்கும்மா. வெடிமருந்து கெட்டிச்ச பிறகு புகுந்துருச்சு. எப்படி நெருப்பு வைப்பேன்? பூனைக்கு ஒரு கேடு வந்தா கப்பலே முழுகிரும்னு இவங்களுக்கும் பயம். கை விட்டவனையெல்லாம் பிராண்டி வச்சிருக்கு. வேற பீரங்கி கெட்டிக்கலாம்னா, மருந்து அறைச் சாவி வச்சிருக்கவன் கையைத்தான் அது மொதல்ல பிராண்டுச்சு. அவன் கோவிச்சுக்கிட்டு எங்கயோ போய் உக்காந்துட்டான்!"

பவளாயிக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. புருஷன் முதுகுல ஒண்ணு வச்சா.

குப்பச்சி பீரங்கி வாய்கிட்ட போய் முந்தானையை உதறினா. காலமெல்லாம் மீன் வித்த முந்தானை. உள்ளேயிருந்து மெதுவா ஒரு மூக்கு வந்துச்சு. அப்புறம் மீசை. அப்புறம் முழுப் பூனையும் வெளியே வந்து, குப்பச்சி மடியில ஏறி உக்காந்துருச்சு. பவளாயிக்கு மெல்லிசு கை. உள்ள விட்டா. மியாவ்! ஒரு குட்டி. மியாவ்! இன்னொண்ணு. கடைசியில, மூலையில ஒட்டிக்கிட்டிருந்த ஒரு கறுப்புக் குட்டி.

"வேற இல்லியே? நல்லாத் தடவிப் பாரு புள்ள"ன்னா குப்பச்சி. "பாத்துட்டேன் அத்தை." "இன்னொரு தரம் பாரு!" பாத்தா. இல்ல.

அப்போ எல்லப்பன் நெருப்பு வச்சான்.

டமார்!

கரையில எல்லாரும் கப்பல் பக்கம் திரும்பினாங்க. "ஏழுடா!"ன்னான் ஒருத்தன். "ஏழு! ஏழு!"ன்னு கத்துனாங்க. குலவைச் சத்தம் கப்பல் வரைக்கும் கேட்டுச்சு. கோட்டையில கொடி சரசரன்னு உச்சிக்கு ஏறுச்சு.

அலை தணிஞ்சதும் எல்லப்பன் கட்டுமரத்து நடுவுல உக்காந்து துடுப்புப் போட்டான். முன்னால பொண்டாட்டி திட்டுறா, பின்னால ஆத்தா திட்டுறா. அவனுக்கு அது அவ்வளவு சுகமா இருந்துச்சாம்.

அவங்க கரை சேர்ந்தாச்சு, கதையும் கரை சேர்ந்தாச்சு. கண்ணை மூடு, தங்கம்.