காத்தாயி சுட்ட பானை

இந்த வம்பெல்லாம் பாதி மீசையில் ஆரம்பித்தது.

மணலூர்ச் சீமை அரசர் அரங்க பூபதியின் முன்னால் குயத்தி காத்தாயி தன் வித்தையைக் காட்டினாள். சூளையில் செக்கச்செவேலென்று கனிந்திருந்த பானையை நீள இடுக்கியால் தூக்கி, அப்படியே வைக்கோல் குவியலில் போட்டாள். குப்பென்று தீ! "கிட்ட வராதீங்க சாமி!" என்று அவள் கத்தும்போதே தளவாய் கனகசபை எட்டிப் பார்த்தார். மீசையின் இடது பக்கம் போயே போய்விட்டது.

புகை அடங்கியதும் பானையைத் துடைத்து நீட்டினாள். மயில் கழுத்து நிறம், மேலெல்லாம் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். அரசர் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். சபையோ தளவாயைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது. மனுஷர் சும்மா இருப்பாரா?

மறுநாளே அந்தப் பானையில் தண்ணீர் ஊற்றி அரசர் முன் வைத்தார். முதலில் அடியில் ஈரம். பிறகு குட்டை.

"பார்த்தீர்களா மகாராஜா! ஒழுகுகிறது. உங்களை ஏமாற்றிவிட்டாள்!"

"இது பார்க்கத்தான் சாமி, தண்ணிக்கு இல்ல. அவசரமா ஆறுன மண்ணு, கசியத்தான் செய்யும்" என்றாள் காத்தாயி.

நம் அரசருக்குக் கோபம் முதலில் வரும், யோசனை ஆடி அசைந்து வரும். "இன்றே இதை நிரப்பி வை. நடுவில் யாரும் ஊற்றக்கூடாது. நாளை உச்சிப்பொழுதில் ஒரு சொட்டு குறைந்தாலும் உன் சூளையை இடித்துவிடுவேன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே ஐயோ என்றிருந்தது. ஆனால் அரசர் வாக்காயிற்றே! காத்தாயி அழுதேவிட்டாள். அந்தச் சூளைதான் அவளுக்குச் சோறு.

விகடர் நல்லக்குட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "பானையை எங்கே வைப்பது மகாராஜா?"

"எங்கே வேண்டுமானாலும் வை, போ!"

மறுநாள் உச்சிப்பொழுதில் நல்லக்குட்டி எல்லோரையும் நந்தவனத்துக்கு அழைத்துப் போனார். தாமரைக் குளத்துக்குள், இரண்டாம் படியில், ஒரு முழத் தண்ணீருக்கு அடியில் பானை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இதென்ன கூத்து!" என்று அலறினார் தளவாய்.

"நிறைந்திருக்கிறதா, இல்லையா?"

"குளத்தில் போட்டால் சல்லடைகூட நிறைந்துதான் இருக்கும்!"

"அப்படியானால் நிறைந்திருக்கிறது என்கிறீர்கள்."

"நான் அப்படிச் சொல்லவில்லை! கையை விட்டுப் பார்த்துத்தான் சொல்வேன்!"

தளவாய் படியில் கால் வைத்தார். படியில் பாசி. தொபுக்கடீர்!

பானை அசையவே இல்லை. நாலு பேர் சேர்ந்து தளவாயை மேலே இழுத்தார்கள். தலைப்பாகையிலிருந்தும் பட்டு அங்கியிலிருந்தும் தண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "காத்தாயி, உன் சூளையை எவனும் தொடமாட்டான். பத்து வண்டி வைக்கோல் உனக்குப் பரிசு! ஆனாலும் நல்லக்குட்டி, ஒழுகுகிறது என்று தளவாய் சொன்னாரே, அது பொய்யா?"

நல்லக்குட்டி தளவாயை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒழுகுவது நிஜம்தான் மகாராஜா. பானை என்று சொன்னதுதான் பொய்."